கோடிழுத்த கை

பள்ளிவாசல் என்று சொன்னவுடன் இஸ்லாமியப் பெருமக்கள் தொழும் இடத்தையே எவரும் நினைப்பர். விடுதியில் சேர்ந்த முதல் நாள் ஊர் எதுவென்று கேட்ட நண்பருக்குப் பள்ளிவாசல் என்று விடையிறுத்தேன். எந்தத் தெருப் பள்ளிவாசல் என்று அவர் திருப்பிக் கேட்டார்! என் ஊர் தெருவில் இல்லை, மலையில் இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் சிற்றூர் அது. இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் எழுந்தது அங்கேதான். முதிரப்புழை ஆற்று நீரை மலையுச்சியிலிருந்து குழாய்களில் இறக்கி, 1940-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு மின்சாரம் எடுத்தது. இந்தப் பெருமையைச் சொல்லாமல் எங்கள் ஊர்க்காரர் எவரும் பேச்சை முடிப்பதில்லை. நானும் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊரைக் கோடுகளின் ஊர் என்றே சொல்லலாம். சரிவெங்கும் தேயிலைச் செடிகள் வரிசை பிடித்து வளைந்து செல்லும். வரிசைக்கும் வரிசைக்கும் இடையில் கொழுந்து பறிப்போர் நடந்து தேய்த்த ஒற்றையடித் தடங்கள் ஓடும். மலையின் நெற்றியிலிருந்து அடிவாரம் வரை பென்ஸ்டாக் குழாய்கள் நேராக இறங்கும். மின்நிலையத்திலிருந்து கிளம்பும் கம்பிகள் பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த மலைக்கு ஓடும். மாலையில் மூடுபனி எழும்போது இக்கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறையும். குழாய் பாதியில் நிற்கும். கம்பி வானத்தில் அறுந்து தொங்குவதுபோல் தோன்றும். சிறுவனாக இருந்தபோது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எந்தக் கோடு முதலில் மறையும் என்று தங்கையோடு பந்தயம் கட்டியதுண்டு.

என் தந்தையாருக்கும் கோடுதான் சோறு போட்டது. அவர் டிராப்ட்ஸ்மேன். கணிப்பொறி வருவதற்கு முன்பு அணை, குழாய், கட்டிடம் என எதைக் கட்டுவதானாலும் முதலில் அது தாளில் கோடாக வேண்டும். அந்தக் கோட்டை இழுப்பவர்கள் டிராப்ட்ஸ்மேன்கள். பெரிய பலகை, டீ ஸ்கொயர், மூலைமட்டங்கள், வெல்வெட்டுத் துணி விரித்த பெட்டிக்குள் பித்தளைக் கவராயங்கள், நுனி ஊசிபோல் சீவிய பென்சில்கள். இவையே அவருடைய உலகம். அந்தப் பெட்டியைத் தொட்டதற்காக நான் வாங்கிய அடிகள் பல.

ஆகவே, சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவில் தில்லி சென்றபோது, ஓர் ஓவியக் கண்காட்சியில் சுவரில் மாட்டியிருந்த ஒரு பென்சில் படத்தைக் கண்டு நான் சிரித்ததில் வியப்பில்லை. நண்பர்களே, அந்தப் படத்தில் மனிதர் இல்லை, மரம் இல்லை, மலை இல்லை, வண்ணமும் இல்லை. வெள்ளைத் தாளில் வெறுங் கோடுகள். குறுக்கே நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். அவற்றை ஊடறுத்துச் சாய்வாகச் சில. இதைத்தான் என் தந்தையார் இருபது ஆண்டுகள் மாதச் சம்பளத்திற்குச் செய்தார். அவருக்கு யாரும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாலை சூட்டவில்லையே என்று உரக்கவே சொன்னேன். உடன் வந்த நண்பர் ஒருவர் நுண்கலை பயில்பவர். அவர் வாதாடவில்லை. என் தோளைப் பிடித்துப் படத்திற்கு ஒரு முழ தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

நெருங்கியதும் படம் மாறிற்று. தூரத்தில் ஒன்றுபோல் தோன்றிய கோடுகளில் இரண்டு ஒன்றாக இல்லை. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போயிற்று. குறைந்து குறைந்து, ஓரிடத்தில் கோடுகள் நெய்த துணிபோல் ஒன்றுபட்டுச் சாம்பல் நிறம் கொண்டன. பிறகு மெல்ல விலகின. சில கோடுகள் அழுத்தமாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, எந்த இடத்தில் முடிந்தன என்று சொல்ல முடியாமல் தாளில் கரைந்தன. எங்கள் ஊர்ப் பனியில் மின்கம்பி மறைவது நினைவுக்கு வந்தது. ஆனால் அது கம்பியின் படமும் அன்று. பனியின் படமும் அன்று. கீழே ஒரு சிறு அட்டையில் நஸ்ரின் முகமதி என்ற பெயர் இருந்தது. படத்திற்குத் தலைப்பில்லை என்றும் எழுதியிருந்தது.

யார் இந்த அம்மையார்? ஊர் திரும்பிய பிறகு எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் தேடிப் படித்தேன். அவர் வரலாற்றை நம் மன்றத்தாரோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

நஸ்ரின் முகமதி 1937-ஆம் ஆண்டில் கராச்சி நகரில் பிறந்தார். கல்வியும் வளமும் வாய்ந்த முஸ்லிம் குடும்பம். உடன்பிறந்தார் பலர். அறியாப் பருவத்திலேயே தாயை இழந்தார். 1944-இல் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. மூன்றே ஆண்டுகளில் நாடு பிளவுண்டது. பிறந்த நகரம் அயல்நாட்டு நகரம் ஆயிற்று! தந்தையாருக்குப் பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன் தீவில் வணிகம். ஒளிப்படக் கருவிகள் விற்கும் கடை. கராச்சியின் கடல், பம்பாயின் கடல், பஹ்ரைனின் பாலையும் கடலும். இப்படித் தொடுவானம் ஒன்றே எல்லையாக நின்ற நிலங்களில் அவர் வளர்ந்தார். நானோ மலைக்காரன். எங்களுக்குத் தொடுவானம் என்பது கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மலை வந்து மறிக்கும். கடலோரத்துப் பிள்ளைக்கு வானும் நீரும் சேரும் அந்த ஒற்றைக் கோடு தினமும் கண்முன் நின்றிருக்கும் அன்றோ?

1954-இல் பதினேழு வயதுப் பெண்ணாக இலண்டன் சென்று, செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் 1957 வரை பயின்றார். பிறகு பஹ்ரைனில் குடும்பத்தாரோடு சிலகாலம். அப்பால் பம்பாய். அந்நாளில் பம்பாயில் கடலோரத்தில் பூலாபாய் தேசாய் நினைவு நிலையம் என்றொரு கட்டிடம் இருந்தது. அதை ஒரு கலைக்கூடம் என்பதைவிடக் கலைஞர்களின் கூட்டுக்குடும்பம் எனலாம். ஓர் அறையில் ஓவியர் தீட்டிக்கொண்டிருப்பார். அடுத்த அறையில் ரவிசங்கரின் சித்தார்ப் பள்ளி நடக்கும். அல்காசி தம் நாடகத்தை ஒத்திகை பார்ப்பார். அங்கே எம். எப். உசேன், தையப் மேத்தா, கைத்தொண்டே முதலிய ஓவியர்களோடு நஸ்ரினுக்குப் பழக்கம் ஏற்பட்டது. அவர்களுள் வாசுதேவ் கைத்தொண்டே அவருக்கு மூத்த வழிகாட்டியாக அமைந்தார். கைத்தொண்டே அதிகம் பேசாதவர். உருவங்களைக் கைவிட்டு, வண்ணத்தின் ஆழத்தை மட்டும் தேடியவர். 1961-இல் நஸ்ரினின் முதல் தனிக் கண்காட்சி பம்பாயில் நடந்தது. அதே ஆண்டில் பிரெஞ்சு அரசின் உதவித்தொகை பெற்றுப் பாரிசு சென்று 1963 வரை தங்கினார்.

இதுவரை சொன்னது வசதியுள்ள வீட்டுப் பெண் ஒருத்தி கலை பயின்ற கதைதான். அக்காலத்தில் அவர் வரைந்தவற்றில் கிளைகள் உண்டு, இலையும் கொடியும் உண்டு; நீரில் கரைத்த மையைத் தாளில் படரவிட்டுச் செய்த மெல்லிய தீட்டல்கள் உண்டு. அழகானவை, ஆயினும் அவற்றைப் போல் வேறு சிலரும் வரைந்திருக்கக்கூடும் என்பது என் எண்ணம். 1970-க்குப் பின் அவர் செய்ததை வேறு எவரும் செய்யவில்லை.

1970-இல் தில்லிக்கு வந்தார். 1972-இல் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்து நுண்கலைப் பிரிவில் ஆசிரியராக அமர்ந்தார். அப்போதைய பரோடா எப்படி இருந்தது என்று ஒரு சொல் சொல்லவேண்டும். அங்கே கே. ஜி. சுப்பிரமணியன் இருந்தார், 1924-இல் வடகேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், நமக்கு ஒருவகையில் அண்டை வீட்டார். குலாம் முகமது ஷேக் இருந்தார். பூபேன் கக்கர் இருந்தார். இவர்கள் படங்களில் தெருவும் கடையும் மனிதரும் கதையும் நிறைந்து வழிந்தன. நாட்டு மக்களின் வாழ்வை ஓவியத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆர்வம் அந்த ஊரெங்கும் பேச்சாக இருந்த காலம். அத்தகைய இடத்தில், கதையற்ற, ஆளற்ற, வண்ணமற்ற வெறுங் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி தனியே அமர்ந்தார். சுற்றியிருப்போர் ஒரு திசையில் செல்லும்போது எதிர்த்திசையில் நடப்பது எளிது. கோபம் துணைக்கு வரும். எவரையும் எதிர்க்காமல், எவரோடும் பிணங்காமல், தன் வழியே போவதுதான் கடினம். அவர் அப்படித்தான் போனார். தோழமையில் குறைவில்லை, மாணவரிடம் அன்பில் குறைவில்லை, ஓவியத்தில் மட்டும் தனிவழி.

அவர் வீடு ஏறக்குறைய வெறுமையானது என்று கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். தரை துடைத்து வைத்ததுபோல் இருக்குமாம். வரைவதற்குத் தாழ்வான பலகை. கட்டிடக் கலைஞர்கள் பயன்படுத்தும் கருவிகள், பென்சில், மை, தாள். சில சமயம் கட்டம் அச்சிட்ட தாளையும் எடுத்துக்கொள்வார். எழுபதுகளின் தொடக்கத்தில் வரைந்தவற்றில் குறுக்கும் நெடுக்குமான கோடுகள் மிகுதி. பாவும் ஊடும் போல. பின்னர் நெடுக்குக் கோடுகள் குறைந்தன. சாய்வுக் கோடுகள் வந்தன. வரவரத் தாளில் வெள்ளை பெருகிற்று. எண்பதுகளில் வரைந்த சிலவற்றில் ஒரு முக்கோணமோ, வில்போன்ற ஒரு வளைவோ, சில சாய்வுகளோ மட்டும் வெளியில் மிதக்கின்றன. எதன்மேலும் சாயாமல், எதையும் தாங்காமல் நிற்கின்றன.

இன்னொரு வேலையும் அவர் செய்துவந்தார். ஆனால் வெளியே காட்டவில்லை. காமிராவோடு அலைந்து ஒளிப்படம் எடுத்தார். பதேபூர் சிக்ரியின் கற்றளம், சண்டிகரின் கட்டிடங்கள், கடல் விலகியபின் மணலில் கிடக்கும் வரிகள், தறியில் இழுத்துக் கட்டிய நூல்கள், சாலையில் விழுந்த நிழல். எல்லாம் கருப்பு வெள்ளை. தந்தையார் விற்ற கருவிதான் மகள் கையில் இந்த வேலையைச் செய்தது போலும். அந்தப் படங்களைக் காணும்போது, அவர் கோடுகளைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. கண்ணால் கண்டே சேர்த்தார் என்பது விளங்குகிறது. ஆயினும் தாளில் வரையும்போது தறியை வரையவில்லை, அலையை வரையவில்லை. தறியை விட்டுவிட்டு, நூல் இழுபட்டு நிற்கும் அந்த விறைப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நம் பக்கத்து ஓவியர்களோடு இதை ஒப்பிட்டால் நன்கு விளங்கும். சென்னைக் கலைப்பள்ளியில் தலைமை ஏற்று, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தோற்றுவித்த கே. சி. எஸ். பணிக்கர் கோட்டைப் பெரிதும் போற்றியவர். அவர் கோடுகள் எழுத்தாகும், கட்டமாகும், சாதகக் குறிப்புப் போலாகும். திருச்சி மாவட்டம் தந்த கே. எம். ஆதிமூலம் நஸ்ரினைவிட ஓராண்டே இளையவர். காந்தியடிகள் நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் தீட்டிய கருப்பு வெள்ளைப் படங்களில், கிறுக்கிய கோடுகளின் காட்டுக்குள்ளிருந்து அடிகள் எழுந்து வருவார். இவர்கள் கையில் கோடு எங்கோ போய்ச் சேர்கிறது. நஸ்ரின் கையில் கோடு எங்கும் போய்ச் சேர்வதில்லை, போய்க்கொண்டே இருக்கிறது. நம் வீட்டு வாசலில் அம்மா இடும் கோலம் ஓரளவு அவருக்கு நெருங்கியது என்பேன். புள்ளியைச் சுற்றிவரும் கம்பிக் கோலத்தைப் பார்த்து அது என்ன பொருள் என்று நாம் யாரும் கேட்பதில்லையே!

இனிச் சொல்லவேண்டியது துயரமான பகுதி.

நஸ்ரினின் குடும்பத்தில் பரம்பரையாக ஒரு நரம்பு நோய் இருந்தது. ஹண்டிங்டன் நோய் என்று குறிப்பிடுவர். பெற்றோருள் ஒருவருக்கு அந்நோய் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. காசைச் சுண்டிப் பார்ப்பது போல! பெரும்பாலும் நடுவயதில் தலைகாட்டும். கையும் காலும் தம் விருப்பத்துக்கு அசையும். நடை தள்ளாடும். பிடித்தது நழுவும். இன்றளவும் அதை அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை. அதற்குக் காரணமான மரபணுவையே 1993-இல்தான் கண்டுபிடித்தார்கள்; அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே நஸ்ரின் மறைந்துவிட்டார். உடன்பிறந்தாரை அந்நோய் கொண்டுபோவதை அவர் கண்டார். பிறகு தம் உடம்பிலும் அதை உணர்ந்தார். எண்பதுகளில் அவர் நடை தடுமாறிற்று. கை சொன்னபடி கேட்க மறுத்தது.

ஆனால் படங்களைப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் வரைந்த கோடுகளில் நடுக்கம் இல்லை! வயது ஏற ஏறக் கோடு தெளிந்துகொண்டே போகிறது. காபிக் கோப்பையைச் சிந்தாமல் ஏந்துவது அரிதான கை, தாளின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மயிரிழை போன்ற கோட்டைப் பிசகாமல் கொண்டுபோயிருக்கிறது.

இதைப் படித்தபோது என் உள்ளம் உருகியது உண்மை. ஆனால் அதே உருக்கத்தில் ஒரு பிழையும் இருப்பதாகப் பின்னர்ப் பட்டது. நோயாளியின் கோடு என்று தெரிந்த பிறகுதானே எனக்குக் கண்ணீர் வந்தது? தில்லியில் அந்தப் படத்தின் முன் நின்றபோது எனக்கு அவர் நோய் தெரியாது. அப்போதும் அது என்னை நிறுத்திற்று. கட்டங்களும் கோடுகளும் நோய் முற்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டவை. நடுங்கும் கைக்கு மாற்றாக அவர் கோட்டைப் பிடிக்கவில்லை. பிடித்த கோட்டை நோய் வந்தபோதும் விடவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. முன்னதாகச் சொன்னால் அவர் இரங்கத்தக்கவர் ஆவார். பின்னதாகச் சொன்னால் அவர் ஓவியர் ஆவார்.

அவர் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உடையவர். தேதி அச்சிட்ட நாட்குறிப்பு ஏடுகளில் எழுதுவார். எழுதியதன்மேலேயே கோடுகளும் பட்டைகளும் இழுப்பார். எழுத்துப் போய்ப் படமாக நிற்கும் பக்கங்கள் பல. நாளும் தேதியும் போட்ட ஏட்டைத் தவறாமல் வைத்திருந்தவர், தம் ஓவியங்கள் பெரும்பாலானவற்றில் தேதி இடவில்லை, பெயரும் இடவில்லை. இதனால் எது முந்தியது, எது பிந்தியது என்று அறிஞர்கள் இன்றும் மயங்குகிறார்கள்.

1990-ஆம் ஆண்டு மே மாதத்தில், பம்பாய்க்குத் தெற்கே அலிபாகை அடுத்த கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் நஸ்ரின் முகமதி காலமானார். ஐம்பத்து மூன்று வயது கூட நிரம்பியிராது. இறுதிவரை அவர் கண்முன் இருந்தது கடலும் தொடுவானமும்.

வாழ்ந்த நாளில் ஓவிய உலகத்தார் சிலரே அவரை அறிந்திருந்தனர். புகழ் பின்னால் வந்தது. 2007-இல் செருமனியின் காசெல் நகரத்து டாக்குமெண்டா கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. 2013-இல் தில்லியில் கிரண் நாடார் அருங்காட்சியகம் அவர் வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் காட்டியது. அதன்பின் மாட்ரிட் நகரின் ரீனா சோபியா அருங்காட்சியகம். 2016-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் மெட் பிராயர் என்ற புதுக் கிளையைத் திறந்தபோது, தொடக்க விழாவுக்குத் தேர்ந்த கண்காட்சிகளுள் ஒன்று நஸ்ரினுடையது. அந்தக் கிளையே 2020-இல் மூடப்பட்டுவிட்டது என்பது வேறு கதை. மேல்நாட்டார் இவரை அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினோடு ஒப்பிடுவர். அவரும் மெல்லிய பென்சில் கோடுகளால் கட்டங்கள் வரைந்தவர்தான். ஆனால் மார்ட்டினின் கட்டம் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. நஸ்ரினின் கோடு எங்கோ கிளம்புகிறது. நம்மவர் ஒருவரை உலகுக்கு அறிமுகப்படுத்த வெளிநாட்டார் பெயர் ஒன்றைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறதே என்ற குறை எனக்கு உண்டு.

கட்டுரையை இங்கே நிறுத்தியிருப்பேன். ஆனால் ஓர் ஐயம் தீராமல் இருந்தது. அவர் கருவி வைத்துத்தானே கோடு இழுத்தார்? மூலைமட்டத்தை ஒட்டிப் பென்சிலை நகர்த்தினால் நடுங்கும் கையும் நேராகத்தானே இழுக்கும்? அப்படியானால் இதில் வியப்பு என்ன? இதைக் கேட்டறிய எனக்கு ஒருவரே உண்டு. ஓண விடுமுறைக்கு ஊர் சென்றபோது, நூலிலிருந்து நகலெடுத்த இரண்டு படங்களை அப்பாவின் முன் வைத்தேன். யார் வரைந்தது, எப்போது, எந்த நோய் என்று ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எந்த ஆபீசின் டிராயிங் என்று கேட்கவில்லை. எந்த இயந்திரத்தின் படம் என்றும் கேட்கவில்லை. இந்த ஆள் பென்சிலை உருட்டத் தெரிந்த ஆள் என்றார் முதலில். எனக்குப் புரியவில்லை. விளக்கினார். மூலைமட்டம் கோட்டுக்குத் திசையைத்தான் தரும். மற்றதெல்லாம் கையின் பொறுப்பு. நீண்ட கோடு இழுக்கும்போது பென்சில் நுனி ஒரு பக்கம் தேயும். தேய்ந்தால் கோடு தொடக்கத்தில் மெல்லியதாகவும் முடிவில் தடித்தும் போகும். ஆகவே இழுத்துக்கொண்டே பென்சிலை விரல்களுக்கிடையே மெல்ல உருட்ட வேண்டும். அழுத்தம் மாறக்கூடாது. நடுவில் நின்றால் அங்கே ஒரு புள்ளி கருக்கும். நின்ற இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினால் ஒட்டுப்போட்டது தெரியும். கை உதறினால் நேர்மை கெடாது. ஆனால் கோட்டின் கருமை ஏறி இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மூலைமட்டம் அதை மறைக்காது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, இந்தப் படத்தில் கோடு போகப்போக மெலிந்து மறைவது தேய்மானத்தால் அன்று. வேண்டுமென்றே அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார், அதுவும் எல்லாக் கோட்டிலும் ஒரே அளவில் என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

அதன் பிறகுதான் அம்மையாரின் கையைப் பற்றிச் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ப் பரணிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்தார். பல ஆண்டுகளாகத் திறக்காத பெட்டி. 4எச் பென்சில் ஒன்றைச் சீவித் தரச் சொன்னார். எனக்குச் சரியாகச் சீவ வரவில்லை என்று பிடுங்கித் தாமே சீவி, உப்புத்தாளில் தீட்டினார். வெள்ளைத் தாளை மேசையில் ஒட்டிக் கோடு இழுக்கத் தொடங்கினார். முதல் இரண்டு கோட்டுக்கும் இடையே ஒரு விரற்கடை. பிறகு சிறிது சிறிதாகக் குறைத்து, நஸ்ரின் செய்ததுபோல. ஒவ்வொரு கோட்டையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். முடித்ததும் மூச்சு விட்டார். நானும் என்னை அறியாமல் அவரோடு மூச்சைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் கோட்டில் அழுத்தம் சிறிது கூடிவிட்டது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார், ரப்பரை எடுக்கவில்லை. முப்பதாவது கோடு முடிந்தபோது வெளியே மழை வலுத்து மின்சாரம் நின்றுவிட்டது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் எழுந்த ஊரில் இது எங்களுக்குப் பழக்கம்தான். அம்மா மெழுகுவத்தி கொண்டுவந்தாள். அந்த வெளிச்சம் ஆடும், வேண்டாம் என்று அப்பா தடுத்துவிட்டார். இருட்டில், மூலைமட்டத்தை ஒரு கையால் அழுத்தியபடி, நகராமல் உட்கார்ந்திருந்தார்.

அரைமணி கழித்து விளக்கு வந்தது. அவர் முப்பத்தோராவது கோட்டைத் தொடங்கினார்.